இயல் 7: தண்ணீர்க் குளிர்விப்பு வேண்டுமா? ஈப்போ வெயிலில் ஒரு கேமிங் கணினி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேராக்கில் கேமிங் கணினி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு தேவையில்லை. தேவைப்படும் சிலருக்கு அது மிக நன்றாகப் பயன்படும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கடை விளம்பரத்தில் தேட வேண்டாம். உங்கள் அறையின் வெப்பம், கணினி இழுக்கும் வாட், வீட்டில் அது நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் அளந்தால் விடை தெரிந்துவிடும். ஒரு சனி, ஞாயிறு போதும். எப்படி அளப்பது, அளந்த எண்ணைக் கொண்டு எப்படி முடிவெடுப்பது, வாங்குவதென்று ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இந்த இயல்.

இதில் கவனம் தேவை என்று சொல்வதற்குக் காரணம் பணம். எஸ்.பி.எம். முடித்துப் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் முதல் கணினியைக் கட்டுகிறார்கள். அதில் ஐந்நூறு வெள்ளி தேவையில்லாத கூலருக்குப் போனால், கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படி கீழே இறங்கிவிடும். விளையாட்டின் வேகத்தை முதலில் தீர்மானிப்பது அந்தக் கார்டுதான்.

தண்ணீர் என்ன செய்கிறது

புராசஸரின் மேல் ஒரு செம்புத் தகடு உட்காருகிறது. அதற்குள் ஓடும் திரவம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பம்ப் அந்தத் திரவத்தைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மேல் விசிறிகள் காற்றை வீச, திரவம் ஆறித் திரும்பி வருகிறது. தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி வருவதை ஏஐஓ என்கிறார்கள். குழாய், பம்ப், தொட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டுவது கஸ்டம் லூப்.

ஒரே கொள்ளளவுள்ள தண்ணீரும் காற்றும் ஒரு டிகிரி சூடாக வேண்டுமானால், தண்ணீருக்குக் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேலான வெப்பம் தேவை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லத் தண்ணீர் மிகப் பொருத்தமானது என்பதற்கு இதுவே காரணம். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் தண்ணீரை ஓடவிட்டது. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினி முழுவதுமே மின்கடத்தாத திரவத்துக்குள் மூழ்கி இயங்கியது. இன்று செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்களில் என்விடியா ஜிபி200 என்விஎல்72 போன்ற ஒரே அடுக்கு ஏறக்குறைய 120 கிலோவாட் வெப்பத்தைக் கக்குகிறது. அங்கே திரவம் இல்லாமல் வேலை நடக்காது.

நம் வீட்டுக் கணினி கக்குவது அரை கிலோவாட். அந்த வெப்பத்தை, திரவம் இல்லாமல் உலோகத் தகடுகளும் விசிறியும் மட்டும் கொண்ட ஏர் கூலர் எடுத்தாலும் தண்ணீர் எடுத்தாலும், கடைசியில் அது போய்ச் சேரும் இடம் உங்கள் அறையின் காற்றுதான். தரவு மையத்தில் சூடான திரவம் கட்டடத்துக்கு வெளியே போகிறது. உங்கள் கணினியின் ரேடியேட்டர் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் பூட்டினால் அறை குளிரும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ரேடியேட்டரால் திரவத்தை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகவும் முடியாது. அறை 34 டிகிரி என்றால் திரவம் அதற்கு மேலேதான் இருக்கும்.

ஈப்போவுக்கு ஒரு திருத்தம்

இணையத்தில் நாம் பார்க்கும் கூலர் சோதனைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில், 20 முதல் 22 டிகிரி வரையுள்ள அறையில் நடப்பவை. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடுவது அன்றாடம். தகரக் கூரைக்குக் கீழே தடுப்புக்கூரை இல்லாத அறையென்றால் அதற்கும் மேலே போகும்.

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கான கணக்கு எளிது. ஒரே கூலரும் ஒரே வாட்டும் இருந்தால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரிதான் புராசஸரும் ஏறும். 21 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய கூலர், உங்கள் 32 டிகிரி அறையில் 81 டிகிரி காட்டும். எந்தச் சோதனையைப் படித்தாலும் அது நடந்த அறையின் வெப்பத்தைத் தேடிப் பிடித்து, உங்கள் அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தைச் சொல்லாத சோதனை உங்களுக்குப் பயன்படாது.

இந்தத் திருத்தம் தண்ணீருக்கும் அப்படியே பொருந்தும். ஏர் கூலரை 11 டிகிரி ஏற்றும் வெயில், ஏஐஓவையும் 11 டிகிரி ஏற்றும். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர்தான் சரி என்று சொல்பவர்கள் தவறவிடும் இடம் இது.

அறையே முதல் கூலர்

பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம். அதில் உள்ள காற்று ஏறக்குறைய 30 கிலோ. 500 வாட் இழுக்கும் கணினி அந்தக் காற்றை மட்டும் சூடாக்கினால், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். சுவரும் தரையும் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதால் உண்மையில் அத்தனை வேகமாக ஏறுவதில்லை. ஆனாலும் சன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் அறை என்ன ஆகும் என்பது இதிலிருந்து புரியும். கணினி தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சத் தொடங்குகிறது.

ஏர்கோன் உள்ளவர்கள் வேறொரு கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய 9,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும். 500 வாட் கணினி மணிக்கு 1,700 பிடியு கக்கும். அதாவது ஏர்கோனின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்குக் கணினி 60 யூனிட் இழுக்கும்; அந்தச் சூட்டை வெளியேற்ற ஏர்கோன் கூடுதலாக 20 யூனிட் இழுக்கும். 2025 ஜூலையில் வந்த கட்டண முறைப்படி, சலுகைகளைக் கழிக்கும் முன் யூனிட்டுக்குச் சுமார் 44 சென். ஆக மாதம் 35 வெள்ளி. எந்தக் கூலரைப் பூட்டினாலும் இந்தத் தொகை குறையாது. இழுக்கும் வாட்டைக் குறைத்தால்தான் குறையும்.

அளக்கும் முறை

ஒன்று. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கிக் கணினிக்குக் காற்று நுழையும் பக்கத்தில், ஒரு அடி தள்ளி வையுங்கள். வெளியேறும் சூடான காற்று அதன்மேல் படக்கூடாது.

இரண்டு. மழை வராத நாளாகப் பார்த்து, பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் சோதனையை வையுங்கள். இரவில் அளந்த எண் உங்களைத் தவறான முடிவுக்கு இழுத்துவிடும். மின்னல் இருந்தால் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுத்த நாள் பார்க்கலாம்.

மூன்று. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக விளையாடும் விளையாட்டிலேயே மிகக் கனமானதை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்து எண்ணை நம்பாதீர்கள்; கேசிங்கும் அறையும் சூடேற நேரம் வேண்டும்.

நான்கு. ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அறை வெப்பம், புராசஸர் வெப்பம், கிராஃபிக்ஸ் கார்டு வெப்பம், இரண்டும் இழுக்கும் வாட்.

ஐந்து. கேசிங்கின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இதுதான் மிக முக்கியமான படி. கதவைக் கழற்றியதும் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால், குறை கூலரில் இல்லை. கேசிங்குக்குள் காற்று போய்வர வழியில்லை என்று பொருள். அந்தக் கேசிங்கில் ஏஐஓவைப் பூட்டினாலும் அது திணறும்.

எண்ணைப் படிப்பது

ஒவ்வொரு சில்லுக்கும் தயாரிப்பாளர் ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார். இன்டெல் கோர் ஐ9-14900கே புராசஸருக்கு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89, 9800எக்ஸ்3டிக்கு 95. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளுக்கு 90. வரம்பைத் தொட்டதும் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். வேகம் குறைவதுதான் நமக்கு நட்டம். உடனே எரிந்துபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். ரைசன் 7000 வரிசையின் சில சில்லுகள் முழுப் பளுவில் 95 டிகிரியிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது.

உங்கள் பிற்பகல் எண் வரம்புக்கு 15 டிகிரியோ அதற்கு மேலோ கீழே இருந்தால், எதையும் வாங்க வேண்டாம். 5 முதல் 15 டிகிரி வரை கீழே இருந்தால், அடுத்த பகுதியில் உள்ளவற்றைச் செய்யுங்கள். ஐந்து டிகிரிக்குள் வந்துவிட்டாலும் முதலில் அவற்றைச் செய்யுங்கள். அதன்பிறகும் இறங்கவில்லை என்றால்தான் புதிய கூலர் பற்றிய பேச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த எண் வரம்புக்கு அருகில் நிற்கிறது, புராசஸரா, கிராஃபிக்ஸ் கார்டா? விளையாடும்போது 7800எக்ஸ்3டி பெரும்பாலும் 80 வாட்டுக்குக் கீழேயே இழுக்கும். அதனுடன் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 இழுப்பது 200 வாட். கடையில் விற்கும் ஏஐஓ புராசஸருக்கு மட்டும்தான். கார்டின் சூட்டுக்கு அது மருந்தாகாது. ரேடியேட்டரைக் கேசிங்கின் முன்பக்கம் வைத்து வெளிக்காற்றை அதன் வழியே உள்ளே இழுத்தால், கார்டுக்குப் போகும் காற்று இன்னும் சூடாகிவிடும்.

தண்ணீருக்கு முன் செய்ய வேண்டியவை

தூசியைத் துடையுங்கள். நம் மாநிலத்துத் தூசி ஊருக்கு ஊர் வேறு. சிம்பாங் பூலாய், கந்தான், செம்மோர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரித் தூசி வெள்ளையாக வந்து படியும். தோட்டப்புறத்தில் செம்பனை லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி. 2015, 2019 ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் வந்தால் நுண்துகள் எங்கும் நுழையும். சாமி மேடைக்கு அருகில் கணினி இருந்தால் ஊதுபத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்காக விசிறியில் ஒட்டி, மற்றத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறாமல் இருக்க, மேசையில் சாப்பாட்டுத் துணுக்கு விழ விடாதீர்கள்.

இடத்தை மாற்றுங்கள். மேற்குச் சுவரை ஒட்டியும், மேசை அறைக்குள் அடைத்தும், மெத்தைக்கு ஒட்டியும் கணினி நிற்கக் கூடாது. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக உள்ள கேசிங்கை விடச் சல்லடை முகப்பு உள்ளது நமக்கு நல்லது. முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இந்த மூன்றே நடுத்தரக் கணினிக்குப் போதும்.

வாட்டைக் குறையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, பலன் அதிகம். கிராஃபிக்ஸ் கார்டின் மின்வரம்பை 80 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் பிரேம் எண்ணிக்கை சிறிதளவே குறையும். சூடும் இரைச்சலும் கண்கூடாக இறங்கும். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் பிரேம் எண்ணிக்கையை அதற்கு மேல் போகாமல் கட்டிவிடுங்கள். திரை காட்ட முடியாத பிரேமுக்காகக் கார்டு ஏன் வேக வேண்டும்? ரைசன் புராசஸரில் ஈக்கோ மோட் உண்டு. 65 வாட் ஈக்கோ மோடில் அது இழுக்கும் உச்சம் 88 வாட்டோடு நின்றுவிடும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2024இல் அந்தச் சில்லுகள் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் வாங்கிப் பழுதாவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி என்ற திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. மதர்போர்டு பயாஸைப் புதுப்பிக்காமல் கூலரை மாற்றுவதில் பயனில்லை. பழைய சில்லை வாங்குபவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வகை வீடு

மலாயாவின் தொடக்ககால ரப்பர்க் கன்றுகள் 1877இல் ஊன்றப்பட்டது நம் கோலகங்சாரில். அந்த ரப்பரை நம்பி வந்த குடும்பங்களின் லயன் வீடுகள் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜா பக்கமும் இன்னும் சில நிற்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தகரக் கூரையும் சிறிய சன்னலும் பல இடங்களில் அப்படியேதான் உள்ளன. இப்படிப்பட்ட வீட்டில் பகலில் அறையே பெரிய சிக்கல். கூலருக்கு வைத்த பணத்தில் தடுப்புக்கூரை போடுங்கள், அல்லது கூரைக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பும் தாள் விரியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பயன்படும். கனமான விளையாட்டை இரவுக்குத் தள்ளுங்கள். கணினியை வாங்கும்போதே ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டும் 65 வாட் புராசஸரும் உள்ளதாகப் பாருங்கள். பழைய வயரிங்கில் மண்ணிணைப்பு சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். கேசிங்கைத் தொட்டால் கை சுரீரென்றால், குளிர்விப்பைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். தண்ணீர்க் குளிர்விப்பு இந்த வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, புந்தோங்கிலும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும் உள்ள தரை வீடு. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, அறையில் மின்விசிறி, ஒரு அறையில் மட்டும் ஏர்கோன். இங்கே நடுத்தரக் கணினிக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் தாராளம். 150 முதல் 250 வெள்ளிக்குள் நல்லது கிடைக்கும். வாங்கும் முன் கேசிங்கின் அகலத்தைப் பாருங்கள். இவ்வகைக் கூலர்கள் பெரும்பாலும் 155 முதல் 165 மில்லிமீட்டர் வரை உயரமானவை; அந்த உயரம் கேசிங்கின் அகலத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவது, ஏர்கோன் அறையில் மிக உயர்ந்த ரகக் கணினி: 14900கே போன்ற புராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற 450 வாட் கார்டு, விளையாட்டோடு வீடியோ வெட்டும் வேலையும். 14900கே முழுப் பளுவில் 253 வாட் வரை இழுக்கும். மணிக்கணக்கில் எல்லாக் கோர்களும் ஓடும் வேலைக்கு 360 மில்லிமீட்டர் ஏஐஓ இங்கே தன் விலைக்கு நியாயம் செய்யும். விளையாட்டு மட்டும் என்றால் இந்தக் கணினிக்கும் பெரிய ஏர் கூலர் போதும்.

யாருக்குத் தண்ணீர்

கீழே உள்ள நான்கில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்த வேண்டும். புராசஸர் 200 வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் இழுக்கும் வேலை. உயரமான கூலர் நுழையாத சிறிய கேசிங். ஒலிப்பதிவு, நேரலை போன்றவற்றுக்காக இரைச்சல் குறைய வேண்டிய கட்டாயம். பெரிய ரேடியேட்டரில் விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், திடீர்ச் சூட்டைத் திரவம் தாங்கிக்கொள்வதால் விசிறி அடிக்கடி ஏறி இறங்காது. நான்காவது, கணினியை அடிக்கடி தூக்கிச் செல்லும் நிலை. பெரிய ஏர் கூலர் விசிறியோடு ஒரு கிலோவுக்கு மேல் எடை; கம்பாரில் படிக்கும் மாணவர் விடுமுறைக்கு விடுமுறை தோட்டச் சாலையில் கணினியை ஏற்றிச் செல்லும்போது அந்த எடை மதர்போர்டை இழுக்கும். ஏர் கூலரே வைத்திருப்பவர்கள் கேசிங்கைப் படுக்க வைத்துக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் தீரும்.

கஸ்டம் லூப் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்கும். ஆண்டுதோறும் திரவத்தை மாற்றும் வேலையும் உண்டு. அந்தக் கைவேலையில் உண்மையான ஆசை உள்ளவர்கள் மட்டும் இறங்குங்கள்.

பூட்டும்போது கவனிக்க

பம்ப் எப்போதும் லூப்பின் உச்சியில் இருக்கக் கூடாது. காற்றுக் குமிழி உச்சிக்குத்தான் போகும். அங்கே பம்ப் இருந்தால் இரைச்சல் வரும், ஆயுளும் குறையும். ரேடியேட்டரைக் கேசிங்கின் மேற்பக்கம் மாட்டுவது நல்லது. முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

கஸ்டம் லூப்பில் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ ஊற்றாதீர்கள். கிந்தா சுண்ணாம்புக்கல் மலைநாடு. சுண்ணாம்பு கலந்த நீர் செம்புத் தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் உப்பாகப் படியும். கடையில் வண்ண மூடி போட்ட பாட்டில் இயற்கை மினரல் தண்ணீர். கனிமம் உள்ளதால் அது அறவே ஆகாது. வெள்ளை மூடி போட்டது குடிநீர். அதையும் நம்பி ஊற்ற வேண்டாம். லூப்புக்கென்றே தயாரித்து விற்கும் திரவத்தை வாங்குங்கள். அலுமினிய ரேடியேட்டரையும் செம்புத் தகட்டையும் ஒரே லூப்பில் சேர்த்தால் அரிப்பு உண்டாகும்.

ஐஸ் கட்டி, குளிர்பெட்டி, சில்லர் எதையும் லூப்போடு இணைக்காதீர்கள். நம் காற்றில் ஈரம் அதிகம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் நீர் பூக்கும். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் இதைச் சொல்லித் தரவே வேண்டாம். குழாயின் வெளிப்புறத்தில் வேர்த்த நீர் மதர்போர்டில் சொட்டினால், லூப் ஒழுகுவதும் அதுவும் ஒன்றுதான். இதே காரணத்தால், 18 டிகிரி ஏர்கோனில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கணினியைக் காலையில் சன்னலைத் திறந்ததும் இயக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

ஈப்போவில் யிக் ஃபூங் வளாகத்திலோ, கோலாலம்பூர் லோ யாட்டிலோ, இணையத்திலோ, எங்கே வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை ரசீதிலோ எழுத்துச் செய்தியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு? திரவம் ஒழுகிக் கிராஃபிக்ஸ் கார்டு கெட்டால் அந்த நட்டத்தை யார் ஏற்பார்? உத்தரவாதப் பழுதுபார்ப்பு உள்நாட்டிலேயே நடக்குமா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் கணினி பல வாரம் முடங்கும்.

ஏஐஓவின் திரவம் குழாய்ச் சுவர் வழியே ஆண்டாண்டாக மிக மெதுவாக ஆவியாகிறது; பம்பும் தேய்கிறது. நல்ல தயாரிப்புகள் 5, 6 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அந்த ஆண்டுகள் முடியும்போது புதியது வாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இரண்டு ஆண்டு மட்டும் உத்தரவாதம் உள்ள மலிவு ஏஐஓவைத் தொடாதீர்கள். ஏர் கூலரில் கெடக்கூடியது விசிறி ஒன்றே. அதை முப்பது நாற்பது வெள்ளியில் மாற்றிவிடலாம். பழைய ஏஐஓவை, அதன் வயது தெரியாமல், யாரிடமும் வாங்க வேண்டாம்.

கடை சொன்ன சொல்லைக் காக்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் செய்திகளும்தான் உங்கள் சாட்சி.

முடிவெடுக்கும் வரிசை

பிற்பகலில் அளந்துவிட்டீர்களா? தூசி, இடம், விசிறி, வாட் நான்கையும் சரிசெய்துவிட்டீர்களா? அதன்பிறகும் புராசஸர் தன் வரம்புக்கு ஐந்து டிகிரிக்குள் நிற்கிறதா? அப்படியானால் முதலில் இரட்டைக் கோபுர ஏர் கூலர். அதுவும் போதவில்லை, அல்லது மேலே சொன்ன நான்கு நிலைகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்துகிறது என்றால், 5 ஆண்டுக்குக் குறையாத உத்தரவாதம் உள்ள 360 மில்லிமீட்டர் ஏஐஓவை, சிறிய கேசிங் என்றால் அதில் நுழையும் அளவுள்ளதை, தயங்காமல் வாங்குங்கள். மற்ற எல்லோரும் அந்தப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கும், வீட்டில் அனைவருக்கும் உதவும் தடுப்புக்கூரைக்கும் வையுங்கள்.